கேரி ஊது உலைச் சுற்று: இரும்பு செய்த விதம் இக்கரையில், ஆலை மூடிய காரணம் அக்கரையில்

பிட்ஸ்பர்க் நகர மையத்துக்குக் கிழக்கே, மனாங்கஹீலா ஆற்றின் வடகரையில், ரேங்கின், ஸ்விஸ்வேல் என்ற இரண்டு சிற்றூர்களை ஒட்டி இரண்டு பழைய ஊது உலைகள், அதாவது சூடான காற்றை ஊதித் தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும் உலைகள், துருவேறி நிற்கின்றன. கேரி 6, கேரி 7 என்று பெயர். ரிவர்ஸ் ஆஃப் ஸ்டீல் என்ற பாரம்பரியக் காப்பு அமைப்பு வழிகாட்டியோடு இவற்றைச் சுற்றிக்காட்டுகிறது. சுமார் இரண்டு மணி நேரம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: இரும்பு எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வருபவருக்கு அமெரிக்காவில் இதைவிட நல்ல இடம் மிகக் குறைவு. அந்தப் பள்ளத்தாக்கின் எஃகு ஆலைகள் ஏன் மூடின என்று தெரிந்துகொள்ள வருபவருக்கு இது பாதிதான். மறுபாதி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு கடை வளாகத்தின் ஓரத்தில் நிற்கிறது. இந்தச் சீட்டு அதுவரை வராது.

போவதற்கு முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் போதும், நிறைய வேண்டாம். இந்த இடத்தில் முதல் உலை 1884இல் எழுந்தது. 1898இல் கார்னகி நிறுவனம் வாங்கி, எதிர்க்கரையில் இருந்த தன் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைக்கு இரும்பு கொடுக்கும் கிளையாக மாற்றியது. 1900இல் ஆற்றின் குறுக்கே உருகிய இரும்பைக் கொண்டுசெல்லவே ஒரு ரயில் பாலம் போட்டார்கள். 1901இல் எல்லாம் சேர்ந்து யு.எஸ். ஸ்டீல் ஆனது. இன்று நிற்கும் 6ஆம், 7ஆம் எண் உலைகள் 1906, 1907 வாக்கில் கட்டப்பட்டவை. உயரம் 92 அடி. இரண்டும் 1978 வரை எரிந்தன. வளாகம் முழுதுமாக 1982இல் நின்றது. 2006இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் அணைந்தபின்னும் இடிபடாமல் நிற்கும் ஊது உலைகள் இவை இரண்டு மட்டுமே.

சுற்றில் எங்கே கண்ணை வைக்க வேண்டும்? ஸ்டாக் ஹவுஸ் என்ற சரக்குக் கூடத்தில் தொடங்குங்கள். தாது, கோக் (காற்றுப் படாமல் சுட்டெடுத்த நிலக்கரி), சுண்ணாம்புக்கல் மூன்றும் மேலே தொட்டிகளில் கிடக்கும். அடியில் ஓடும் தராசு வண்டி ஒவ்வொரு தொட்டிக்குக் கீழும் நின்று, வேண்டிய எடையைப் பிடித்து, ஸ்கிப் எனப்படும் தூக்கு வண்டியில் கொட்டும். சாய்வுப் பாதையில் ஒரு ஸ்கிப் ஏற, அதன் எடைக்கு ஈடாக மற்றொன்று இறங்கும். உலையின் தலையில் இரண்டு மணி வடிவ மூடிகள். மேல் மூடி திறக்கும்போது கீழ் மூடி மூடியிருக்கும், கீழது திறக்கும்போது மேலது மூடியிருக்கும். இரண்டும் ஒருசேரத் திறந்தால் உள்ளே இருக்கும் வாயு வெளியே பாயும். அந்த வாயுவில் கால் பங்கு அளவுக்குக் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. உலையின் மேல்தளத்துக்குத் தனியாக யாரும் ஏறக்கூடாது என்ற விதி வந்தது இதனால்தான்.

அளவு பற்றிக் கேட்டால் பழைய கணக்கு இது: ஒரு டன் இரும்புக்கு ஏறத்தாழ 2 டன் தாது, 1 டன் கோக், அரை டன் சுண்ணாம்புக்கல், 4 டன் காற்று. கடைசி எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. எடையில் பார்த்தால் உலைக்குள் போகும் பெரிய சரக்கே காற்றுதான். கொல்லன் பட்டறைத் துருத்தியின் வேலையைச் செய்ய இங்கே தனியாக ஒரு பெரிய எஞ்சின் கட்டடமே தேவைப்பட்டது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

அடுத்து, உலைகளின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் உயரமான உருளைகள். முதல் பார்வையில் இவற்றைத்தான் பலரும் உலை என்று நினைத்துப் படம் எடுப்பார்கள். இவை ஸ்டவ்கள், காற்றைச் சூடேற்றுபவை. உள்ளே தேன்கூடு போல அடுக்கிய செங்கல். உலையின் தலையிலிருந்து வரும் வாயுவைத் தூசி பிரித்து, கழுவி, இங்கே கொண்டுவந்து எரித்துச் செங்கல்லைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். பிறகு தீயை நிறுத்தி, அதே செங்கல் வழியே குளிர்காற்றைச் செலுத்துவார்கள். அது சூடாகி உலைக்குப் போகும். ஒரு ஸ்டவ் காற்றைச் சூடாக்கும்போது மற்றவை தங்களைச் சூடாக்கிக்கொண்டிருக்கும், முறை வைத்து. காற்று எவ்வளவு சூடோ அவ்வளவு கோக் மிச்சம். இன்றைய உலைகளில் காற்று 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல் போகிறது. இந்தத் தலைமுறை ஸ்டவ்கள் அதற்கு வெகு கீழேதான் நின்றன. ஆலை ஏன் தோற்றது என்ற கேள்விக்கு முதல் துப்பு இங்கேயே இருக்கிறது.

வார்ப்புக்கூடத்துக்கு மட்டும் தாராளமாக நேரம் கொடுங்கள். இந்தச் சுற்றின் உயிரே அதுதான். உலையின் இடுப்பைச் சுற்றி ஒரு பெரிய வளையக் குழாய். அதிலிருந்து ட்வீயர் எனப்படும் செம்பு மூக்குகள் உலைக்குள் நீளும். ஒவ்வொன்றுக்குள்ளும் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கீழே ஒரு துளை, களிமண் அடைத்தது. சுமார் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை அதைத் துளையிட்டுத் திறப்பார்கள். சுமார் 1,500 டிகிரியில் இரும்பு பாயும். மேலே மிதக்கும் கசடை ஸ்கிம்மர் என்ற தடுப்பு ஒதுக்கிவிடும், இரும்பு அடியில் நுழைந்து கால்வாயில் ஓடும். தரையில் தெரியும் அந்தக் கால்வாய்களை ஒவ்வொரு வார்ப்புக்குப் பின்னும் மனிதர்கள் கையால் சுத்தம் செய்து, மணலும் களிமண்ணும் பூசி, முழுக்கக் காயவைக்க வேண்டும். ஈரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் போச்சு. உருகிய இரும்புக்கு அடியில் அகப்பட்ட நீர் கணத்தில் நீராவியாகி, மேலே இருப்பதை எல்லாம் வாரி இறைக்கும். வார்ப்பு முடிந்ததும் மட் கன் என்ற இயந்திரம் துளைக்குள் களிமண்ணைத் திணித்து மூடும்.

வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என்னென்ன கோளாறு வரும்? பெரியவை நான்கு. முதலாவது, உள்ளே சரக்கு பாலம் போலக் கட்டிக்கொண்டு இறங்காமல் தொங்குவது, பிறகு ஒரேயடியாகச் சரிவது. சரியும்போது வரும் வாயு அழுத்தம் மேல்மூடியையே தூக்கும். பொடியான தாதுதான் பெரும்பாலும் காரணம். இரண்டாவது, ட்வீயர் ஓட்டையாகி நீர் உள்ளே கசிவது. நீர் உலையின் சூட்டைத் தின்றுவிடும். அதுவே முற்றினால் மூன்றாவது, அடுப்பு குளிர்ந்து இரும்பு உள்ளேயே உறைவது. உலையின் அடியில் இப்படி உறையும் கட்டிக்குத் தொழிலாளர் வழக்கில் சாலமாண்டர் என்று பெயர். நான்காவது, செங்கல் தேய்ந்து பக்கவாட்டில் உலை பிளப்பது.

இந்தச் செங்கல் தேய்மானத்தில் அடங்கியிருக்கும் வியாபாரக் கணக்கைக் கவனிக்காமல் வெளியே வரக்கூடாது. ஊது உலையை விளக்கு போல அணைத்து ஏற்ற முடியாது. கொஞ்ச நாளைக்குக் கோக் நிறைத்து மூடி, நீறுபூத்த நெருப்பாக வைத்திருக்கலாம், அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்செங்கல் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகக் கட்ட வேண்டும். ரீலைன் என்பார்கள். பெரும் செலவு. ஆகவே ஒரு ஆலையை மூடும் முடிவு பெரும்பாலும் நஷ்டக் கணக்கு வரும் நாளில் எடுக்கப்படுவதில்லை. அடுத்த ரீலைனுக்குப் பணம் ஒதுக்கலாமா என்று கேட்கும் நாளில் எடுக்கப்படுகிறது. கேரி உலைகள் உச்சத்தில் நாளுக்கு 1,000 முதல் 1,250 டன் கொடுத்தன. இன்றைய பெரிய உலை ஒன்று 10,000 டன்னைத் தொடும். அதற்கு எட்டு மடங்கு ஆள் தேவையில்லை. 1907 வாக்கில் கட்டிய உலைக்கு 1970களின் கடைசியில் புதுச் செங்கல் போடுவது யாருக்கும் கட்டுபடியாகியிருக்காது.

வளாகத்தில் ஒரு மான் தலையும் உண்டு. 45 அடி உயரம். ஆலை கைவிடப்பட்டுக் கிடந்த காலத்தில், 1997, 1998இல், சில கலைஞர்கள் அனுமதியில்லாமல் நுழைந்து, அங்கேயே கிடந்த குழாய், கம்பி, ரப்பர் இவற்றைக் கொண்டு கட்டியது. எல்லாரும் படம் எடுப்பார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்காக வார்ப்புக்கூடத்தின் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

நடைமுறைக்கு வருவோம். வழக்கமான சுற்றுகள் மே முதல் அக்டோபர் வரைதான், முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. விரல் மூடிய காலணி கட்டாயம். செருப்போடு போனால் திரும்ப வேண்டியதுதான். தரை சரளையும் இரும்புத் துண்டுமாக மேடுபள்ளம். படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளட்டும். பாதி நேரம் திறந்தவெளியில், கூரை உள்ள இடத்திலும் பக்கங்கள் திறந்தே இருக்கும். மழைக்கும் வெயிலுக்கும் அதற்கேற்ற உடுப்பு வேண்டும். சிறிய உலையில் இரும்பை உருக்கி வார்த்துக்காட்டும் நிகழ்ச்சியும் சில நாட்களில் உண்டு. தேதி ஒத்துவந்தால் அந்த நாளையே தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் நின்றுபோன உலையில் சூடும் சத்தமும் கிடைக்காது.

பெயர்க் குழப்பம் ஒன்று: பிட்ஸ்பர்க்கில் ஹாட் மெட்டல் பாலம் என்று தேடினால் வரைபடம் நகருக்குள் சவுத் சைடு பக்கம் இருக்கும் வேறொரு பாலத்துக்குக் கூட்டிப்போகும். அது ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் ஆலையின் பாலம். இன்று அதில் காரும் சைக்கிளும் போகின்றன. கேரியின் பாலம் ரேங்கினில் இருக்கிறது, அதில் பொதுமக்கள் ஏற முடியாது, கரையிலிருந்து பார்க்கலாம். அக்கரைக்குப் போக ரேங்கின் சாலைப் பாலத்தைப் பிடிக்க வேண்டும்.

இனி அந்த மறுபாதி. ஹோம்ஸ்டெட் ஆலையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 15,000 பேர் வேலை செய்தார்கள். 1941இல் ஆலையை விரிவாக்க, ஆற்றோரத்தில் குடியிருந்த ஏறத்தாழ 8,000 பேர் காலி செய்யவைக்கப்பட்டார்கள். 1986இல் ஆலை மூடியது. 1999இல் அதே நிலத்தில் வாட்டர்ஃப்ரண்ட் என்ற கடை வளாகம் திறந்தது. திரையரங்கு, உணவகம், துணிக்கடை, எல்லாம் உண்டு. அவற்றின் ஓரத்தில் 12 செங்கல் புகைபோக்கிகள் வரிசையாக நிற்கின்றன. வருகிறவர்கள் அலங்காரம் என்றே நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

அவை ஊறவைக்கும் குழிகளின் புகைபோக்கிகள். எஃகை உருக்கிப் பெரிய அச்சில் ஊற்றினால் கிடைப்பது இங்காட் என்ற கட்டி. அதன் வெளி இறுகியிருக்கும், நடு இன்னும் கூழாக இருக்கும். அப்படியே உருளைக்குள் விட்டால் வெடித்துப் பிளக்கும். அதனால் குழியில் இறக்கி, உள்ளும் புறமும் ஒரே சூடு வரும்வரை மணிக்கணக்கில் வைத்து, பிறகு 45 அங்குல ஸ்லாப் மில்லுக்கு அனுப்பித் தட்டையாக்குவார்கள். இத்தனையும் முடிந்து தலையும் வாலும் வெட்டி எறிந்தபின், 100 டன் உருகிய எஃகுக்கு 80, 85 டன் எஃகுப் பலகைதான் மிஞ்சும். தொடர்வார்ப்பு வந்ததும் அச்சு, குழி, ஸ்லாப் மில் மூன்றும் ஒரே அடியில் தேவையற்றுப் போயின. உருகிய எஃகு நேரே பலகையாக இறங்குகிறது, 95 டன்னுக்கு மேல் கையில் நிற்கிறது, எரிபொருளும் மிச்சம். ஆக, ஆலையின் நினைவாக விட்டுவைத்த அந்த 12 புகைபோக்கிகளும், ஆலையைக் காலாவதியாக்கிய அந்த ஒரு வேலைக்கட்டத்துக்குச் சொந்தமானவை. பள்ளத்தாக்கில் இதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை.

இதோடு, ஹோம்ஸ்டெட்டில் இரும்பை எஃகாக்கிய ஓப்பன் ஹார்த் அடுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் ஒரு முறை எஃகு எடுக்க 8 முதல் 10 மணி நேரம். 1952இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கிய, உருகிய இரும்பில் ஆக்சிஜனை ஊதும் முறையில் அதே வேலை முக்கால் மணியில் முடிந்தது. யு.எஸ். ஸ்டீல் அதே பள்ளத்தாக்கில் 1960களில் டுகேனிலும், 1972இல் பிராடக்கின் எட்கர் தாம்சன் ஆலையிலும் ஆக்சிஜன் உலை போட்டது. ஹோம்ஸ்டெட்டுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

இறக்குமதிதான் கொன்றது என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் பதில். பொய்யில்லை. 1959இல் 116 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஆண்டில் அமெரிக்காவின் எஃகு இறக்குமதி ஏற்றுமதியை மிஞ்சியது, வெளிநாட்டுச் சரக்கு வாங்கிப் பழகியவர்கள் பிறகு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் அந்த ஒரு பதிலோடு வீடு திரும்பக்கூடாது. இடமே எதிரியானதும் உண்டு. இந்தப் பள்ளத்தாக்கு எஃகுக்கு ஏற்றதாக இருந்ததற்குக் காரணம் அருகில் இருந்த கானல்ஸ்வில் நிலக்கரி. டன் இரும்புக்கு டன் கோக் வேண்டிய காலத்தில் அது பெரிய வரம். கோக் தேவை பாதியாகக் குறைந்ததும் கரிக்கு அருகில் இருப்பதன் லாபமும் சுருங்கியது. தாதுவோ சுப்பீரியர் ஏரிப் பக்கத்திலிருந்து கப்பலில் ஈரி ஏரிக்கரை வரை வந்து, அங்கே இறக்கி, ரயிலில் ஏற்றி, மறுபடி இங்கே இறக்க வேண்டும். மிச்சிகன் ஏரிக்கரையில் கேரி நகரத்து ஆலைக்கு அதே கப்பல் வாசலுக்கே வரும். (உலையின் கேரி வேறு, இந்தியானாவின் கேரி வேறு. தமிழில் எழுதினால் ஒன்றாகிவிடுகிறது.) மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒட்டிக்கிடந்த சமநிலத்தில் புது ஆலையை நீளவாக்கில் விரித்துப்போடவும் வழியில்லை. உலை ஒரு கரை, எஃகு அடுப்பு மறுகரை என்று பிரிந்தே கிடந்தது.

தொழிலாளர் தரப்பு இதற்குச் சொல்லும் பதிலையும் கேட்க வேண்டும்: நவீனப்படுத்தப் பணம் இல்லாமல் இல்லை. 1982இல் யு.எஸ். ஸ்டீல் சுமார் 600 கோடி டாலர் கொடுத்து மாரத்தான் எண்ணெய் நிறுவனத்தை வாங்கியது. 1986இல் பெயரையே யு.எஸ்.எக்ஸ். என்று மாற்றிக்கொண்டது. எந்த ஆலைக்குப் பணம் போகும், எதற்குப் போகாது என்பது தலைமை அலுவலகத்தில் முடிவானது. இரண்டு வாதமும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

பக்கத்திலேயே இரண்டு சிறிய நிறுத்தங்கள். ஹோம்ஸ்டெட்டின் எட்டாம் அவென்யூவில் போஸ்ட் கட்டடம், 1892இல் ஹோம்ஸ்டெட் ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தில் தொழிற்சங்கத் தலைமையகமாக இருந்தது. மன்ஹாலில் ஆற்றோரம் பம்ப் ஹவுஸ். 1892 ஜூலை 6 அன்று, கார்னகி நிறுவனத்தை நடத்திய ஃப்ரிக் வரவழைத்த 300 பிங்கர்ட்டன் தனியார் காவலர்கள் படகில் வந்து இறங்க முயன்றது இங்கேதான். கதவு திறந்திருக்கும் நாள் குறைவு. ஆனால் சைக்கிள் பாதை ஒட்டியே போவதால் வெளியிலிருந்து எப்போதும் பார்க்கலாம்.

பிராடக்கை விட்டுவிட வேண்டாம். எட்கர் தாம்சன் 1875இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. அங்கே தொடர்வார்ப்பு இயந்திரம் 1992இல் வந்தது. ஹோம்ஸ்டெட்டுக்குக் கிடைக்காத ஆக்சிஜன் உலை, தொடர்வார்ப்பு இரண்டும் கிடைத்த ஆலை எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். கிளேர்டனில் கோக், பிராடக்கில் இரும்பும் எஃகும், வெஸ்ட் மிஃப்லினின் இர்வின் ஆலையில் தகடு என்று மூன்றும் சேர்ந்து ஒரே ஆலை போல நடக்கின்றன. 2025 ஜூனில் நிப்பான் ஸ்டீல் கைக்குப் போயின. உள்ளே போக முடியாது, தெருவிலிருந்து பார்க்கலாம். கென்னிவுட் பூங்காவின் உயர ராட்டினங்களிலிருந்து எதிர்க்கரையில் ஆலை நன்றாகத் தெரியும். ஓடும் ஆலை இருந்தும் ஊர் நிமிரவில்லை: 1920இல் 20,000க்கு மேல் இருந்த பிராடக் மக்கள்தொகை 2020இல் 2,000க்கும் கீழே. கிளேர்டனில் 2025 ஆகஸ்ட் 11 அன்று நடந்த வெடிப்பில் இருவர் இறந்தார்கள். ஆகவே ஆலை வேலிகளை அருங்காட்சியக வேலி போல நினைத்து நெருங்க வேண்டாம்.

ஒரே நாளில் முடிக்க இந்த வரிசை சரிப்படும்: காலையில் கேரி, மதியம் வாட்டர்ஃப்ரண்டில் சாப்பாடு, புகைபோக்கிகள், போஸ்ட் கட்டடம், பம்ப் ஹவுஸ், மாலையில் பிராடக். தலைகீழாகப் போனால் புகைபோக்கிகளின் பொருள் பிடிபடாது. இரும்பு எங்கே முடிகிறது, எஃகு எங்கே தொடங்குகிறது என்று கேரியில் ஒருமுறை தெளிந்துவிட்டால் மற்றது தானாக வரும்.

டுகேனுக்கும் போகலாமா என்று சிலர் கேட்பார்கள். அங்கே நிறுவனத் தலைவரின் மனைவி பெயரில் டாரத்தி என்று 1963இல் கட்டிய உலை இருந்தது. கேரியைவிடப் பல மடங்கு பெரிது, அரை நூற்றாண்டு இளையது. 1984இல் அணைத்தார்கள். காப்பாற்றத் தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் இயக்கம் நடத்தியும் பலிக்கவில்லை. 1988இல் இடித்துத் தள்ளினார்கள். பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. பெட்ரோலை மிச்சம் பிடித்து, அந்த ஒரு மணி நேரத்தையும் வார்ப்புக்கூடத்தில் செலவிடுங்கள்.